சபுக்கு மரம் இல்லாத மலை: ரெண்டர் படங்களுக்கு மர மென்பொருள் தேர்ந்தெடுக்கும் வழி

பண்டாரவளைப் பக்கம் ஒரு பழைய தோட்டத்து பங்களாவைச் சிறிய ஹோட்டலாக மாற்றும் வேலை வந்தது. வரைபடம் கட்டடக் கலைஞருடையது, அதைக் கணினியில் புகைப்படம் போன்ற ரெண்டர் படங்களாக ஆக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. கருங்கல் சுவர், தகரக் கூரை, நீளமான வராந்தா எல்லாம் நன்றாக வந்திருந்தன. சுற்றிலும் மென்பொருளோடு இலவசமாகக் கிடைத்த மேப்பிள், ஓக் மரங்களை நட்டிருந்தேன். அந்தத் தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு கங்காணி ஐயா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "தம்பி, பங்களா நம்ம பங்களாதான். மலைதான் நம்ம மலை மாதிரி இல்ல. சபுக்கெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டார். சபுக்கு என்பது தேயிலைக்கு நடுவே நிற்கும் கிரவிலியா மரம், ஆங்கிலத்தில் சில்வர் ஓக்.

அன்றிலிருந்து வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் மென்பொருளைத் திறந்து, அதில் என்ன மரம் இருக்கிறது என்று தேடுவேன். இப்போது அந்தக் காணியில் என்ன மரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அதை எந்த மென்பொருளால் செய்ய முடியும் என்று யோசிக்கிறேன். ஹட்டனிலோ பதுளையிலோ கண்டியிலோ இந்தத் தொழிலைப் புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: காணியைப் போய்ப் பாருங்கள்

மலையகம் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் உயரத்துக்கு உயரம் மரம் மாறும். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர். அங்கே வீட்டுத் தோட்டத்தில் பலா, கித்துள், பாக்கு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு வளரும், மிளகுக்கொடி ஏதாவது ஒரு மரத்தில் ஏறியிருக்கும். எல்ல சுமார் 1,000 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே சைப்ரஸ், பைனஸ், யூகலிப்டஸ்தான் கண்ணில் படும். நுவரெலியா விடுதியின் முற்றத்தில் தென்னை மரம் நிற்கும் படங்களை நான் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்த அடுத்த நொடியே படத்தின் மேலுள்ள நம்பிக்கை போய்விடும்.

காணிக்குப் போகும்போது ஃபோன் போதும். ஒவ்வொரு முக்கியமான மரத்தையும் நான்கு விதமாகப் படமெடுங்கள்: முழு மரம், கிளை பிரியும் இடம், பட்டை, ஒரு கொப்பு இலையோடு. முழு மரத்தை எடுக்கும்போது யாரையாவது அடிமரத்துப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர் உயரம் தெரிந்தால், படத்தில் அவரைப்போல் எத்தனை மடங்கு என்று எண்ணி மரத்தின் உயரத்தைக் கணக்குப் பார்க்கலாம். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த அளவைத்தான். 25 மீட்டர் வளர்ந்த யூகலிப்டஸை 8 மீட்டருக்குச் சுருக்கி வீட்டோரத்தில் வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் வீடு பொம்மை வீடு போலத் தோன்றும்.

பட்டையைப் படமெடுக்க மூடுபனி நாள்தான் மிக நல்ல நாள். வெயிலில் எடுத்த பட்டையில் நிழல் ஒட்டிக்கொண்டே வரும். பிறகு ரெண்டரில் வெளிச்சம் ஒரு பக்கமும், பட்டையில் பதிந்த நிழல் வேறு பக்கமுமாக முரண்படும். மேகம் மூடிய நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வருகிறது. வெளிநாட்டில் இதற்காக விளக்கும் வெள்ளைத் துணியும் கட்டுகிறார்கள். நமக்கு வானம் இலவசமாகத் தருகிறது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மரம் காட்டு மரம் மாதிரி வளர்வதில்லை. தேயிலைக்கு நடுவே நிற்கும் சபுக்கின் பக்கக் கிளைகளை அவ்வப்போது வெட்டுவார்கள். நேரான தண்டு, அதில் வெட்டுக் காயங்கள், காயத்தின் ஓரத்திலிருந்து கொத்தாகத் துளிர்த்த இளங்கிளைகள், உச்சியில் சின்னக் கொண்டை. உலகத்து மர நூலகங்களில் 'சில்வர் ஓக்' என்று தேடினால் இந்த உருவம் கிடைக்காது. கிடைத்தாலும் ஆஸ்திரேலியாவில் தன் பாட்டுக்கு வளர்ந்த முழு மரம்தான் கிடைக்கும்.

இரண்டாவது படி: மரம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது?

படத்தை மூன்று ஆழமாகப் பிரியுங்கள். கேமராவிலிருந்து சுமார் 15 மீட்டருக்குள் நிற்பது கிட்டத்து மரம். அதில் பட்டை, கிளை முடிச்சு, தனித்தனி இலை எல்லாம் தெரியும். அதற்கப்பால் 100 மீட்டர் வரை நடுத்தூரம். அங்கே மரத்தின் வடிவமும் இலைக்கூட்டத்தின் இடைவெளியும்தான் தெரியும். அதற்கும் அப்பால் எதிர்மலை. அங்கே மரம் ஒரு நிறப்புள்ளி மட்டுமே.

இப்படிப் பிரித்துப் பார்த்தால், உண்மையிலேயே உயர்தரமாகச் செய்ய வேண்டியவை இரண்டு மூன்று மரங்கள்தான் என்று புரியும். எதிர்மலைக்குத் தட்டையான தாளில் ஒட்டிய மரப்படமே போதும். நம் மலையில் மூடுபனி அந்தத் தூரத்தை இன்னும் மென்மையாக்கிவிடும். மொத்தக் காட்டையும் ஒரே தரத்தில் செய்யப் போனால் கணினி திணறும், நேரமும் வீணாகும்.

மூன்றாவது படி: கையில் இருக்கும் கணினியும் வரையும் மென்பொருளும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கெட்ச்அப்பிலோ ரெவிட்டிலோ வரைகிறீர்கள், நல்ல கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறது, படம் இரண்டு நாளில் வேண்டும் என்றால் லூமியன், ட்வின்மோஷன், என்ஸ்கேப், டி5 ரெண்டர் போன்ற உடனடி ரெண்டர் மென்பொருள்களில் ஒன்றை எடுங்கள். அவற்றுக்குள்ளேயே மர நூலகம் இருக்கிறது. ட்வின்மோஷனை 2019இல் எபிக் கேம்ஸ் வாங்கியது. ஆண்டு வருமானம் 10 லட்சம் டொலருக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2024இலிருந்து அது இலவசம். நம்மில் அந்த எல்லையைத் தாண்டப் போகிறவர்கள் குறைவு. டி5 ரெண்டருக்கும் ஓர் இலவசப் பதிப்பு உண்டு.

கிராபிக்ஸ் கார்ட் இல்லாத சாதாரண மடிக்கணினி என்றால் இலவச 3டி மென்பொருளான பிளெண்டரில் கற்றுக்கொள்ளுங்கள். ரெண்டர் ஆவதற்குக் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் கற்றதெல்லாம் பின்னால் நல்ல கணினி வாங்கும்போதும் உதவும்.

வாடகைச் சந்தா பற்றி ஒரு சொல். 2022இல் ரூபாய் சரிந்தபோது, 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களிலேயே 350ஐத் தாண்டியது. டொலரில் மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்த எனக்கு அதே மென்பொருளின் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியது. வாடிக்கையாளர்கள் கொடுத்ததோ ரூபாய். அதனால்தான் புதியவர்களிடம் இலவசக் கருவிகளிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். காசு கட்டும் மென்பொருள் உங்களுக்குச் சம்பாதித்துத் தரத் தொடங்கிய பிறகு வாங்குங்கள்.

நான்காவது படி: மரத்தை வாங்குவதா, வளர்ப்பதா?

மர மென்பொருள் என்று சொன்னாலும் அதில் மூன்று வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன. புதியவர்கள் குழம்புவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆயத்த மரங்களின் நூலகம் ஒன்று. மரத்தை வளர்த்தெடுக்கும் கருவி மற்றொன்று. வளர்த்த மரத்தை நிலமெங்கும் பரப்பும் கருவி மூன்றாவது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. 'எது சிறந்தது' என்று கேட்பதற்கு முன் இந்த மூன்றில் எது தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலகங்களில் எவர்மோஷன், மேக்ஸ்ட்ரீ, கேயாஸ் காஸ்மாஸ் போன்றவை பெயர்பெற்றவை. தரம் மிக நன்றாக இருக்கும். பிரச்சினை இனத்தில்தான். ஐரோப்பாவின் பூங்கா மரங்கள் நிறைய, வெப்பமண்டலம் என்று பார்த்தால் கடற்கரைப் பனைகளும் ஹோட்டல் செடிகளும் நிறைய. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நம் குளிர்ந்த மலைக்குப் பொருந்துவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இங்கே கொண்டுவந்து நட்ட மரங்கள் பல. ஆகவே ஜகரண்டா, யூகலிப்டஸ், சைப்ரஸ், பாட்டில்பிரஷ் ஆகியவை வெளிநாட்டு நூலகங்களிலும் கிடைக்கும். எந்த நிபந்தனையும் இல்லாமல் இலவசமாகத் தரும் பாலி ஹேவன் தளத்தில் ஒரு ஜகரண்டா மரம் இருக்கிறது. நான் அதைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன்.

பலா, கித்துள், கிளை வெட்டிய சபுக்கு, முள்முருக்கு, ஹோர்ட்டன் சமவெளியின் குடை விரித்த கீன மரம், பாசி படர்ந்த அதன் முறுக்கிய கிளைகள், இவற்றை நாமேதான் வளர்க்க வேண்டும். அதற்கான கருவிகளில் நான் கைபட்ட அளவில் சொல்கிறேன்.

பிளெண்டரின் 'சாப்ளிங் ட்ரீ ஜென்' இலவசம். 1995இல் வெபர், பென் என்ற இருவர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையின் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. தண்டு, கிளை, கிளையின் கிளை என்று மட்டம் மட்டமாக நீளம், கோணம், வளைவு கொடுத்தால் மரம் எழும்பும். அகலக் கிளை விடும் சாதாரண மரங்களுக்கு நல்லது. கிளை தண்டோடு சேரும் இடம் ஒட்டவைத்ததுபோல் இருக்கும். அதனால் மிகக் கிட்டத்து மரத்துக்குப் போதாது, நடுத்தூரத்துக்குத் தாராளமாகப் போதும். பனை வகைகளை இதில் செய்ய முயலாதீர்கள், என் இரண்டு நாள் அதில் போனது. கித்துளும் பாக்கும் மரப்பன்னமும் கிளை விடாதவை. ஓர் ஓலையை மட்டும் கையால் செய்து, அதை உச்சியைச் சுற்றி அடுக்குவதே சுலபம். கித்துள் ஓலையின் சிற்றிலைகள் மீன்வால் போல இருக்கும். தென்னோலையை வைத்து ஏமாற்ற முடியாது.

'ட்ரீ இட்' என்பது விண்டோஸில் ஓடும் சிறிய இலவச மென்பொருள். கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும். உண்மையான கட்டடப் படத்துக்கு அதன் மரங்கள் கொஞ்சம் எளிமையானவை, ஆனால் கிளை, இலைப் படம் ஒட்டிய அட்டை, மேற்பரப்பில் போர்த்தும் படமான டெக்ஸ்சர் எல்லாம் எப்படிச் சேர்கின்றன என்று புரிந்துகொள்ள நல்ல பள்ளிக்கூடம்.

'தி குரோவ்' வேறு தத்துவம் கொண்டது. அதில் மரத்தின் வடிவத்தை நீங்கள் வரைவதில்லை. வருடம் வருடமாக மரமே வளர்கிறது, வெளிச்சத்துக்குப் போட்டி போடுகிறது, நிழலில் அகப்பட்ட கிளை காய்ந்து விழுகிறது. நடுவில் கிளை வெட்டவும் முடியும், வெட்டிய பிறகு மேலும் வளர விடலாம். தோட்டத்து மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழியை நான் பார்க்கவில்லை. காசு கட்ட வேண்டும்.

3டிஎஸ் மேக்ஸ் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு எக்ஸ்லெவல் நிறுவனத்தின் குரோஎஃப்எக்ஸ் உண்டு. பனை, கொடி, மூங்கில் வரை வளைந்துகொடுக்கும், ஆனால் கற்க நாளாகும். ஸ்பீட்ட்ரீ இந்தத் துறையின் பெரிய பெயர். திரைப்படங்களிலும் விளையாட்டுகளிலும் அதிகம் பயன்படுகிறது. 2021இல் யூனிட்டி அதை வாங்கியது. தண்டு, கிளை, இலை என்று கண்ணிகளை இணைத்து மரத்தைக் கட்டுவோம், வேண்டிய கிளையை மட்டும் கையால் வளைக்கவும் செய்யலாம். காற்றில் ஆடும் மரம் வேண்டும், நடைவழி வீடியோ செய்கிறோம் என்றால் அதன் அருமை தெரியும். நின்ற படம் மட்டுமே செய்பவருக்கு முதல் வருடத்தில் அது தேவைப்படாது என்பது என் எண்ணம்.

பிளாண்ட்ஃபேக்டரி பற்றியும் கேட்பீர்கள். ஈ-ஆன் நிறுவனத்தின் இந்த மென்பொருளை 2024இல் நிறுத்துவதாக அறிவித்து, கடைசிப் பதிப்பை இலவசமாக விட்டார்கள். மரம் செய்து வேறு மென்பொருளுக்கு ஏற்றுமதி செய்ய இன்றும் உதவும். இனி அது வளராது என்பதால் தொழில் முழுவதையும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

ஐந்தாவது படி: ஒரு சபுக்கு மரத்தை வளர்த்துப் பாருங்கள்

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நம் மரத்தை அதில் செய்ய முடிகிறதா என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். பிளெண்டரின் சாப்ளிங்கை வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றிலும் வேலை இதேதான்.

பிளெண்டர் 4.2இலிருந்து சாப்ளிங் கூடவே வருவதில்லை. அமைப்புகளுக்குள் இருக்கும் நீட்சிகள் பகுதியில் தேடி இறக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் புதிய வளைகோடு சேர்க்கும் பட்டியலில் அது தோன்றும். சேர்த்தவுடன் ஈர்க்குச்சி போல வெறும் கோடுகள் வரும். பயப்படாதீர்கள், 'பெவல்' என்ற கட்டத்தைத் தொட்டால் கனம் வரும். இலையைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணினி மூச்சுவாங்கும்.

வடிவத்தில் கூம்பைத் தேர்ந்தெடுங்கள். சபுக்கின் தண்டு நடுவில் பிரியாமல் நேராக ஏறும், ஆகவே தண்டு பிளவு பூச்சியம். வளைவு மிகக் குறைவு, ஆனால் முற்றிலும் பூச்சியம் வேண்டாம். காற்றடிக்கும் சரிவில் நிற்கும் எந்த மரமும் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நிற்பதில்லை. பக்கக் கிளைகளின் நீளத்தை நன்றாகக் குறையுங்கள், அடியில் கிளை தொடங்கும் உயரத்தை ஏற்றுங்கள். உங்கள் புகைப்படத்தைப் பின்னணியில் வைத்துக்கொண்டே செய்தால் கண் ஏமாறாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சாப்ளிங்கில் வேறு எதையாவது சொடுக்கிவிட்டால் அமைப்புப் பலகை மறைந்துவிடும், திரும்பப் போய் மாற்ற முடியாது. ஒவ்வொரு நல்ல கட்டத்திலும் அமைப்புகளை ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். அதே அமைப்பில் 'சீட்' எண்ணை மாற்றினால் அதே இனத்தில் வேறொரு மரம் கிடைக்கும். அப்படி நான்கு மரம் எடுத்து வைத்தால் ஒரு மலை முழுக்க நடப் போதும்.

இனி இலை. சபுக்கின் இலை பன்னம் போலக் கிழிந்து கிழிந்து இருக்கும். மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. காற்றில் திரும்பும்போது மரமே மினுங்குவது அதனால்தான். ஒவ்வொரு இலையையும் பாலிகனாக, அதாவது உருவத்தைக் கட்டும் சின்னச் சின்ன முகங்களாகச் செய்யாமல், ஒரு கொப்பை வெள்ளைத் தாளில் பரப்பி, மூடுபனி நாளில் நேர்மேலிருந்து படமெடுத்து, பின்னணியை வெட்டி, ஒரு செவ்வக அட்டையில் ஒட்டுங்கள். அட்டையை நடுவில் கொஞ்சம் மடித்துவிடுங்கள், தட்டையாக இருந்தால் பக்கவாட்டில் மறைந்துவிடும். கொப்பைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் படமெடுங்கள். ஆக, மென்பொருளிடம் கேட்க வேண்டிய கேள்வி: இலையின் மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் வேறு வேறு டெக்ஸ்சர் போட முடியுமா? பிளெண்டரோடு வரும் சைக்கிள்ஸ் ரெண்டர் இயந்திரத்திலும், வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளிலும் முடியும். சில உடனடி ரெண்டர் மென்பொருள்களில் முடியாது. முடியாத இடத்தில் சபுக்கு, சபுக்காகத் தெரியாது.

யூகலிப்டஸ், ஊரில் டர்பன்டைன் மரம், அதற்கு இலை அட்டைகளைக் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். முதிர்ந்த இலை அரிவாள் போல வளைந்து செங்குத்தாகத் தொங்குவதால்தான் அதன் நிழல் அவ்வளவு மெல்லியது. அல்பீசியாவுக்குக் குடை வடிவம், அதன் இலை மிகப் பொடியானது என்பதால் ஓர் அட்டையில் ஒரு முழுக் கொப்பு.

ஆறாவது படி: இலைக்குள் வெளிச்சம் புக வேண்டும்

காலை வெயிலில் மரத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள். இலை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். ஒளி இலையைத் துளைத்து வருகிறது. இதைக் கொடுக்காத மரம் எவ்வளவு பாலிகன் இருந்தாலும் பிளாஸ்டிக் மரம்தான். பிளெண்டரில் சாதாரணப் பொருளோடு ஒளியை ஊடுருவ விடும் 'டிரான்ஸ்லூசன்ட்' ஷேடரைக் கலக்க வேண்டும். வி-ரேயில் இருபக்கப் பொருள் என்று தனியாகவே இருக்கிறது. ஒளி புகும் நிறத்தை இலை நிறத்தைவிட மஞ்சளாகவும் தெளிவாகவும் வையுங்கள்.

இலை அட்டைகள் அடர்ந்த மரத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் டெக்ஸ்சரில் பிழை தேடி நேரம் செலவழிக்க வேண்டாம். சைக்கிள்ஸில் ஒளிக்கதிர் எத்தனை ஒளிபுகு பரப்புகளைத் தாண்டலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு, இயல்பில் 8. அடர்ந்த மரத்தில் கதிர் எட்டு அட்டைகளைத் தாண்டியும் வெளியே வருவதில்லை. 16, 24 என்று ஏற்றிப் பாருங்கள், புள்ளிகள் போய்விடும், ரெண்டர் கொஞ்சம் மெதுவாகும்.

ஏழாவது படி: தேயிலையைப் பரப்புவது

மலையகப் படத்தில் மரத்தைவிடத் தேயிலைதான் நிலத்தை நிரப்புகிறது. 4 அடிக்கு 2 அடி இடைவெளி என்று வைத்துக்கொண்டால் ஒரு ஏக்கரில் 5,400 செடிக்கு மேல் வரும். ஒரு செடிக்கு 20,000 பாலிகன் என்றால் ஏக்கருக்குப் பத்துக் கோடியைத் தாண்டும். எந்தக் கணினியும் அதைத் தனித்தனியாகச் சுமக்காது.

அதற்குத்தான் இன்ஸ்டன்ஸ் என்ற முறை. செடியின் உருவத்தை நினைவகத்தில் ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு, எங்கெங்கே நிற்கிறது என்ற குறிப்பை மட்டும் 5,400 முறை எழுதிக்கொள்கிறது. பிளெண்டரில் கையால் பிரதி எடுக்கும்போது ஷிஃப்ட் + டி அழுத்தினால் உருவமும் சேர்ந்து பெருகும், ஆல்ட் + டி அழுத்தினால் உருவத்தைப் பகிர்ந்துகொள்ளும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் கணினி உறைந்துபோன பையன்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பெரும் பரப்புக்கு, பிளெண்டரிலேயே இருக்கும் ஜியாமெட்ரி நோட்ஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். 3டிஎஸ் மேக்ஸில் ஐடூ நிறுவனத்தின் ஃபாரஸ்ட் பேக் இந்த வேலைக்கென்றே இருக்கிறது, அதன் எளிய பதிப்பு இலவசம்.

பரப்பும்போது கவனிக்க வேண்டியது நிரை. தேயிலை சரிவின் குறுக்கே, மலையின் வளைவைப் பின்பற்றி நிரை நிரையாகப் போகும். மென்பொருளின் இயல்பான சீரற்ற பரப்பலை அப்படியே விட்டால் புதர்க்காடாகிவிடும். சம உயரக் கோடுகளை வளைகோடுகளாக எடுத்து, அவற்றின் மேல் செடிகளை வைக்கச் சொல்லுங்கள். நடுவே ஆட்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை, தண்ணீர் ஓடும் கான், ஆங்காங்கே செத்த செடியின் வெற்றிடம், இவற்றை விடுங்கள். பழைய விதைத் தேயிலை மலை என்றால் நிரை இன்னும் கலைந்திருக்கும்.

செடியைக் கோள வடிவில் செய்யாதீர்கள். கொழுந்து பறிக்கும் செடியின் தலை இடுப்புயரத்தில் மேசை போலத் தட்டையாக இருக்கும், அதன் மேலே மட்டும் இளம்பச்சைக் கொழுந்து ஒரு மெல்லிய படலம். கவ்வாத்து வெட்டிய மலை என்றால் வெறும் கம்புகள்தான். ஆகவே ஐந்து செடி செய்தாலும் அந்த மலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கொழுந்து எடுத்த அம்மா, அத்தை, பெரியம்மா யாராவது வீட்டில் இருப்பார்கள், அவர்களிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். நான் என் அத்தையிடம் காட்டினேன். "நிரைக்குள்ள ஆள் போக வழியே இல்லையேப்பா" என்றார். எனக்கு அதுவரை தோன்றாத விஷயம் அது.

ஒவ்வொரு மரத்தையும் செங்குத்து அச்சில் திருப்பி, அளவில் 0.8 முதல் 1.2 மடங்குவரை மாற்றி, நிறத்திலும் சிறு மாற்றம் கொடுங்கள். சரிவில் மரம் நிலத்துக்குச் செங்குத்தாகச் சாயக்கூடாது, வானத்தை நோக்கி நிற்க வேண்டும். பல பரப்பல் கருவிகளில் இயல்பமைப்பு நிலத்தின் திசையை எடுத்துக்கொள்ளும். சமநிலத்தில் இது தெரியாது, நம் மலையில் உடனே தெரியும்.

எட்டாவது படி: நம் சூரியன், நம் மூடுபனி

சூரியனின் இடத்தை அமைக்கும்போது அட்சரேகை 7 பாகை வடக்கு என்று கொடுங்கள். இங்கே ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் முற்பகுதியிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், மரத்தின் நிழல் மரத்தின் காலடியிலேயே விழும். ஜூனில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால் வீட்டின் வடக்குச் சுவரில் வெயில் படும். ஐரோப்பிய இயல்பமைப்பில் விட்டால் நீளமான நிழல்கள் வந்து, மரம் சரியாக இருந்தாலும் ஊர் மாறிவிடும். அழகான நீள நிழல் வேண்டுமென்றால் காலை ஏழரை மணியை வையுங்கள், அது உண்மையாகவும் இருக்கும்.

மாதத்தையும் கேளுங்கள். ஜூலையில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்திருக்கும், தண்டெல்லாம் பாசி. அதே ஜூலையில் ஊவாப் பக்கம் மழை குறைந்து பத்தனைப் புல் காய்ந்து பழுப்பாகும். இலையுதிர்காலச் செம்மஞ்சள் நிறம் நூலக மரங்களில் இயல்பாக வந்தால் அணைத்துவிடுங்கள்.

மூடுபனியை உண்மையான புகைப் பொருளாக ரெண்டர் செய்ய மிக நேரமெடுக்கும். தூரத்தைப் பதிவு செய்யும் தனிப் படலம் ஒன்றை ரெண்டரோடு எடுத்து, பின்னர் அதன்மேல் வெண்மையைக் கலப்பது லேசு. பிளெண்டரில் அதற்கு 'மிஸ்ட்' என்றே பெயர். கிட்டத்து மரம் தெளிவாகவும், இரண்டாவது வரிசை கொஞ்சம் வெளிறியும், எதிர்மலை சாம்பல் நீலமாகவும் இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். காணியில் நிற்கும் மரத்தைப் படத்தில் நிற்கவையுங்கள், வெட்டப் போகும் மரத்தை எடுத்துவிடுங்கள், புதிதாக நடப் போவதை நட்டு இரண்டு மூன்று வருடத்தில் இருக்கும் உயரத்தில் காட்டுங்கள். மண்சரிவு அபாயமுள்ள சரிவில் கட்டடத்தை மறைக்க இருபது வருட மரங்களை வரைந்து கொடுத்தால், அந்தச் சரிவைப் பற்றி முடிவெடுப்பவர்கள் இல்லாத வேரை நம்பி முடிவெடுப்பார்கள்.

ஒன்பதாவது படி: மரங்களைச் சேமித்து வையுங்கள்

வளர்த்த மரத்தை வேலை முடிந்ததும் விட்டுவிடாமல் தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள். பெயரில் மரம், நிலை, உயரம், இடம் நான்கும் இருக்கட்டும்: 'சபுக்கு, கிளை வெட்டியது, 14 மீட்டர், பண்டாரவளை' என்பதுபோல. டெக்ஸ்சர்களைக் கோப்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு கணினியில் திறக்கும்போது மரம் முழுக்க ஊதா நிறமாகிவிடும். வெளியிலிருந்து இறக்கிய மரம் என்றால் அதன் உரிம நிபந்தனையை அதே அடைவில் போட்டுவையுங்கள். சில நூலகங்கள் படம் விற்க விடும், மாடலை மற்றவருக்குக் கொடுக்க விடாது. நண்பருக்கு அனுப்பும் முன் அதைப் பாருங்கள். நீங்களே புகைப்படமெடுத்து வளர்த்த சபுக்குக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. பக்கத்து ஊரில் இதே வேலை செய்யும் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, அவர் செய்த கித்துளை வாங்கிக்கொள்ளலாம். எனக்கு இப்போது இருக்கும் பதினோரு மரங்களில் நான்கு அப்படி வந்தவைதான்.